மைதானம் யார் வீட்டுச் சொத்து? மும்பைச் சமூகக் கழகங்களும் பசிபிக் தீவுகளின் குடும்பக் கால்பந்தும்

மும்பைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் நான்கு அமைப்புகளைத் தவறாமல் குறிப்பிடுவார்கள்: வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், சபா, ஊர்ச் சங்கம். தாராவியில் 1887இல் பெரிய மசூதி எழுந்தது. 1913இல் பிள்ளையார் கோயில், 1924இல் தமிழ்ப் பள்ளி. மாட்டுங்காவில் 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். என்னும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கியது. 1952இல் உருவான சண்முகானந்தா சபா 1963இல் தன் அரங்கைத் திறந்தது. இந்த வரிசையில் ஒரு கால்பந்துக் கழகம் இடம்பெறுவதில்லை. பையன்கள் பந்தை உதைக்காமல் இருந்ததில்லை. ஆனால், "இதுதான் நாங்கள்" என்று ஒரு சமூகம் காட்டிக்கொள்ளும் அமைப்பாக அந்த ஆட்டம் இங்கே வளரவில்லை.

இதே நகரத்தில் பார்சிகளும் கோவாக்காரர்களும் தங்கள் குடும்ப, சமய வாழ்வின் நீட்சியாகவே விளையாட்டுக் கழகங்களை நடத்தினார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குடியேறிய சமோவா, தொங்கா மக்களும் அப்படியே செய்தார்கள். வேறுபாடு எங்கே தொடங்கியது? ஆட்டத்தின் மீதுள்ள ஆசையில் அல்ல, நிலம் யார் பெயரில் கிடைத்தது என்பதில் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடற்கரையில் பங்கிட்ட நிலம்

பம்பாயில் இந்தியர்களின் முதல் கிரிக்கெட் கழகமான ஓரியண்டல் கழகத்தை 1848இல் பார்சிகள் தொடங்கினார்கள். அவர்கள் ஆடிய எஸ்பிளனேட் திடலில்தான் ஐரோப்பியர்கள் போலோ ஆடினார்கள். குதிரைக் குளம்புகள் ஆடுகளத்தைக் கிளறிப் போட்டன. இந்தியர் தரப்பு 1880களில் மனுமேல் மனுவாக எழுதிப் போராடியது. போலோ நிற்கவில்லை, மாற்றாகக் கென்னடி கடற்கரை ஓரத்தில் நிலம் கிடைத்தது. இன்று மரீன் டிரைவ் வழியாகப் போகும்போது வரிசையாகத் தெரியும் ஜிம்கானாக்கள் அப்படி வந்தவைதான். 1885இல் தோன்றிய பார்சி ஜிம்கானா முன்னே போக, கவர்னர் ஹாரிஸ் பிரபு காலத்தில் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனி மனைகள் ஒதுக்கப்பட்டன.

இந்தப் பங்கீட்டின் விளைவு நெடுங்காலம் நீடித்தது. மதவாரியாக நிலம் கொடுக்கும் அரசிடம் நிலம் வேண்டுமானால், மதத்தின் பெயரில்தான் வரிசையில் நிற்க வேண்டும். பந்தயங்களும் அதே அச்சில் வார்க்கப்பட்டன: 1907இல் முத்தரப்பு, 1912இல் நாற்றரப்பு, 1937இல் ஐந்தரப்பு. காந்தி 1940 டிசம்பரில் மதவாரி ஆட்டங்களை எதிர்த்துப் பேசினார். 1946இல் அவை நின்றன.

கழகம் ஒரு குடும்பம் என்றால், அந்தக் குடும்பத்தில் யார் சேர்த்தி? இந்தக் கேள்வியைப் பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையைவிடக் கூர்மையாகக் கேட்டது எதுவும் இல்லை. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்த அந்தச் சுழற்பந்து வீச்சாளர் 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அதற்கு முன்பு புனேயில் களத்தில் அவரோடு ஆடியவர்கள், தேநீர் வேளையில் அவருக்குத் தனிக் கோப்பை வைத்தார்கள். இந்து அணிக்கு அவர் கை வேண்டியிருந்தது. அணித்தலைவர் பதவி மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது.

மாட்டுங்காவும் தாராவியும்

1896இல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் வயல்வெளிகளை மனைகளாகப் பிரித்துப் போட்டது அந்த டிரஸ்ட். 1920களிலும் 1930களிலும் அங்கே எழுந்த பிளாட் வீடுகளில் பாலக்காடு, தஞ்சை, திருநெல்வேலிப் பக்கத்துக் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் குடியேறினார்கள். பிளாட் வாழ்க்கையும் தென்னிந்திய அடையாளமும் ஒன்றாக உருவான கதையை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் கதையில் சமையலறை, கழிவறை, படிக்கட்டு எல்லாம் சாதியோடு பேசுகின்றன. நான் சேர்க்க விரும்புவது மைதானத்தை.

இங்குள்ள கழகப் பெயர்களைப் பாருங்கள்: மாட்டுங்கா ஜிம்கானா, இந்தியன் ஜிம்கானா, தாதர் யூனியன். ஒன்று பேட்டையின் பெயர், ஒன்று நாட்டின் பெயர், ஒன்று பக்கத்துப் பேட்டையின் பெயர். கடற்கரை ஜிம்கானாக்களைப் போல மதப் பெயர் எதுவும் இல்லை. மனைகள் டிரஸ்ட் திட்டத்தில் பேட்டைவாரியாக வந்ததால், கழகங்களும் பேட்டைவாரியாக அமைந்தன என்றே நான் கொள்கிறேன். தாதர் யூனியனிலிருந்து கவாஸ்கரும் வெங்சர்க்காரும் வந்தார்கள். அங்கே நுழைய ஆட்டம் தெரிந்தால் போதும். ஆகவே தமிழ்ப் பையன் தனி ஆளாகப் போய்ச் சேர்ந்தான்; தமிழர்கள் கூட்டமாகப் போய் ஒரு கழகம் அமைக்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. கூட்டமாக இருக்க வேண்டிய தேவையைச் சபாவும் பஜனை சமாஜமும் நிறைவேற்றின. போதாக்குறைக்கு, கால்பந்துக்கென்று இருந்த மழைக்காலத்தையும் 1948இல் தொடங்கிய காங்கா லீக் கிரிக்கெட்டுக்கு எடுத்துக்கொண்டது. சேற்றில் கிரிக்கெட் ஆடும் ஊர் உலகில் வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவி. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆதிதிராவிடர், நாடார், முஸ்லிம் குடும்பங்கள் தோல் பதனிடும் கொட்டகைகளிலும் சிறு தொழில்களிலும் உழைத்தன. ஊர்ச் சங்கம் அவர்களுக்குப் பஞ்சாயத்து, ஈமச் செலவு நிதி, கோயில் கொடை எல்லாமாக இருந்தது. கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும் நெல்லைப் பழக்கம் ஒரு கால்பந்து அணியை நடத்தவும் தாராளமாகப் போதும். இல்லாதது ஆடுவதற்கான தரை. டிரஸ்ட் திட்டம் மாட்டுங்காவுக்கு ஐந்து பூங்காக்களை வரைந்து கொடுத்தது. தாராவியை யாரும் வரையவில்லை. அது தானாக நெருங்கி வளர்ந்தது. மாட்டுங்காத் தமிழரும் தாராவித் தமிழரும் ஒரே மொழி பேசினாலும் ஒரே குடும்பமாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1966இல் உருவான சிவசேனை "தென்னிந்தியர்" என்று இருவரையும் ஒரே வசைக்குள் அடக்கியது. அடித்தவர்கள் ஒன்றாகப் பார்த்தார்கள். பந்தி மட்டும் தனித்தனியாகவே நடந்தது.

மணியடித்தால் ஜெபமாலை

கோவாக்காரர்களின் கதை வேறு. தோபி தலாவ், மசகான் பகுதிகளில் அவர்கள் நடத்திய 'குட்' விடுதிகள் ஊர்வாரியானவை. கப்பலில் வேலை தேடி வரும் ஆள் தன் ஊர்க் குட்டில் பெட்டியை இறக்குவான். சுவரோரம் பெட்டிகள், நடுவில் பலிபீடம், மாலையில் எல்லோரும் கூடிச் சொல்ல வேண்டிய ஜெபமாலை, ஆண்டுக்கொருமுறை ஊர்ப் புனிதரின் திருநாள். பெண்களும் குழந்தைகளும் இல்லாத அந்த இடத்தில்தான் குடும்ப ஒழுக்கம் மிகக் கறாராகக் காக்கப்பட்டது. ஊரில் சர்ச் முற்றத்தில் உதைத்த பந்தை இங்கேயும் உதைத்தார்கள். கோவாவில் கால்பந்தை 1883இல் சியோலிம் ஊரில் வில்லியம் லயன்ஸ் என்ற பாதிரியார் அறிமுகம் செய்ததாகச் சொல்வது வழக்கம். பம்பாயின் யங் கோவன்ஸ் போன்ற அணிகளுக்குப் பின்னால் இந்த ஊர்க்கட்டு நின்றது.

பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பைக் கால்பந்துப் பந்தயம் முதலில் ராணுவப் படைப்பிரிவுகளின் சொத்தாக இருந்தது. 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அதைக் கைப்பற்றியது. மறு ஆண்டும் வென்றது. சமூகத்தின் பெயர் தாங்கிய ஒரு கழகம் பட்டாளத்தை வீழ்த்தியது அன்று சின்ன விஷயமல்ல. பிறகு டாட்டா, மஃபத்லால், ஓர்க்கே மில்ஸ், மஹிந்திரா என்று கம்பெனி அணிகள் வந்தன. அவை வேலையைக் கொடுத்து ஆட்டக்காரரைச் சேர்த்தன. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் சரிந்தன. தேசிய லீகை 2005-06இல் வென்ற மஹிந்திரா யுனைடெட்கூட 2010இல் கலைக்கப்பட்டது. கம்பெனி மூடினால் அணி மூடும். ஜெபமாலை சொல்லும் கூட்டம் அத்தனை சீக்கிரம் கலைவதில்லை.

தீவுகளின் குடும்பம்

மரிஸ்ட் சபைத் துறவிகள் 1920 வாக்கில் சமோவாவுக்கு ரக்பி கால்பந்தைக் கொண்டுவந்தார்கள். 1924இல் ஆப்பியாவில் பிஜியுடன் முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. ஆட்டக்காரர்கள் அதற்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டும் என்பதால் காலை ஏழு மணிக்கே தொடங்கினார்கள். ஆடுகளத்தில் ஒரு மரமும் நின்றது. இன்றும் அங்கே விளையாட்டு ஊரோடும் தேவாலயத்தோடும் பிணைந்தது. மாத்தாய் எனும் குடும்பத் தலைவரின் சொல்லுக்கு அணியிலும் மதிப்பு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்மக்கள் கூட்டங்கூட்டமாக ஆக்லாந்தின் பொன்சன்பி, கிரே லின் பகுதிகளில் குடியேறினார்கள். 1947இல் அங்கே பசிபிக் தீவினருக்கெனத் தனித் திருச்சபை அமைந்தது. ஆலையில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் அவர் மச்சானை அழைத்துக்கொள்வார். மச்சான் கழகத்திலும் சேருவார். பொன்சன்பி கழகத்தின் பிரையன் வில்லியம்ஸ், சமோவா வழி வந்தவர், 1970இல் நியூசிலாந்து அணியோடு நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அவரையும் மாவோரி வீரர்களையும் 'கௌரவ வெள்ளையர்' என்று முத்திரை குத்தித்தான் அந்த அரசு உள்ளே விட்டது. பாலுவின் தேநீர்க் கோப்பை இன்னொரு கண்டத்தில் வேறு வடிவில் வந்து நின்றது. 1974 முதல் 1976 வரை விசாக் காலம் முடிந்தவர்களைத் தேடி நியூசிலாந்துப் போலீஸ் விடியற்காலையில் தீவினர் வீட்டுக் கதவுகளைத் தட்டியது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021இல்தான். அந்த ஆண்டுகளில் தேவாலயமும் கழகமும் வீடுகளும் ஒன்றையொன்று தாங்கின. வாடகை ஏறியபோது பலர் தெற்கே மாங்கெரே, ஓட்டாராவுக்கு நகர்ந்தார்கள். மாட்டுங்காக் குடும்பங்கள் செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் போன மாதிரி.

குடும்ப நெறி ஆட்டத்தைக் கட்டுப்படுத்திய இடமும் உண்டு. நியூசிலாந்து அணியின் மைக்கேல் ஜோன்ஸ் 1987 ரக்பி உலகக் கோப்பையின் முதல் டிரையை அடித்தவர். அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை வந்தது; அது வழிபாட்டு நாள் என்பதால் அவர் ஆடவில்லை. 1995இல் இதே காரணத்தால் அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. நம் ஊரில் வெள்ளிக்கிழமை விரதத்துக்காக இறுதி ஆட்டத்தை விட்டவர் யாராவது உண்டா என்று யோசித்துப் பார்க்கலாம்.

கால்பந்தில் 2012 ஓஷியானியா கோப்பையைத் தகித்தி வென்றது. அத்தொடரில் சமோவாவை 10-1 என வீழ்த்தியபோது ஒன்பது கோல்களை அடித்தவர்கள் தேஹாவ் குடும்பத்தினர்: மூன்று சகோதரர்கள், ஒரு பெரியப்பா-சித்தப்பா மகன். மறு ஆண்டு பிரேசிலில் ஸ்பெயினிடம் 0-10 எனத் தோற்றார்கள். எதிரணியினருக்குக் கிளிஞ்சல் மாலை போட்டு வரவேற்றுவிட்டுத்தான் தோற்றார்கள். அமெரிக்கச் சமோவா 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 0-31 என விழுந்தது. 2011இல் தொங்காவை 2-1 என வென்றபோது பின்களத்தில் நின்றவர் ஜையா சாயலூவா. ஆணும் பெண்ணும் அல்லாத ஃபாஃபாஃபினே என்னும் மரபினர் அவர். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் இறங்கிய முதல் திருநர் வீரராக அறியப்படுகிறார். அவரைச் சேர்த்துக்கொள்ள அணி தனியாக எந்தத் தீர்மானமும் போடவில்லை. வீட்டில் எந்த இடமோ, திடலிலும் அதே இடம்.

தமிழில் இதற்கு நேர்

ஆக, குடும்பமும் ஊரும் சேர்ந்து நடத்தும் கால்பந்து தமிழருக்கு அந்நியமல்ல. அது மாட்டுங்காவில் அல்லாமல் வேறு இடங்களில் முளைத்தது. பெங்களூரு அல்சூர் அருகே கௌதமபுரம், ராணுவப் பாளையத்தை ஒட்டி வளர்ந்த தமிழ்ப் பேட்டை. அங்கே அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பெலேவுக்கும் சிலை இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். சென்னையில் வியாசர்பாடி. கன்னியாகுமரி மேற்குக் கரையில் தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலான மீனவ ஊர்கள்.

பசிபிக் தீவுகளுக்கு மிக நெருங்கியது இந்தக் கடைசி இடம்தான். ஆழ்கடலுக்குப் போகும் ஆண்கள், ஊரின் நடுவே தேவாலயம், வலைக்கும் அலைக்கும் இடையே மணல். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி அணிக்கு ஒன்றாக ஆடினார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையின் வீடுகளை ஆளில்லாமல் ஆக்கியது. கடற்கரை மணலை ஆடுகளமாக்க இவர்கள் எந்தக் கவர்னருக்கும் மனு எழுதவில்லை. தொழிலுக்கான இடமே ஆட்டத்துக்கான இடமாகவும் இருந்தது. தாராவித் தொழிலாளிக்குத் தோல் கொட்டகை அப்படி உதவவில்லை.

தாராவியை மறுபடி கட்டும் ஒப்பந்தத்துக்கான ஏலத்தை 2022இல் அதானி நிறுவனம் வென்றது. விவாதம் பெரும்பாலும் யாருக்கு எத்தனை சதுர அடி வீடு, யார் தகுதியுள்ளவர், தொழிற்கூடம் எங்கே என்பதைச் சுற்றியே நடக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் நூற்றைம்பது ஆண்டு வரலாறு காட்டுவது போல, இந்நகரத்தில் திடல் எந்தப் பெயரில் பதிவாகிறதோ அந்தப் பெயரில்தான் கழகமும் உருவாகிறது. கடற்கரையில் மதத்தின் பெயரில் பதிவானது, மாட்டுங்காவில் பேட்டையின் பெயரில். தாராவியின் புதிய வரைபடத்தில் வரும் திறந்தவெளிகள் மாநகராட்சியின் பெயரில் பதிவாகுமா, கட்டுமான நிறுவனத்தின் பராமரிப்பில் கட்டணத் திடலாகுமா, அல்லது அங்கே ஏற்கெனவே தலைக்கட்டு வரி வாங்கிக்கொண்டிருக்கும் சங்கங்களுக்கு அதில் ஒரு கையெழுத்து உரிமையாவது கிடைக்குமா என்பதை, வீட்டுப் பட்டியலோடு சேர்த்து இப்போதே கேட்க வேண்டியிருக்கிறது.