சிட்டையை அழிக்காதீங்க! - லாக் கோப்பின் சரித்திரம்

புனேவுக்கு வந்து பொட்டி தட்ட ஆரம்பித்ததிலிருந்து டேட்டாபேஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. ஊர்ப்பக்கம் போகும்போது பெரியவர்கள் "என்ன வேலைப்பா பாக்குற?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல கணக்குப்பிள்ளை வேலை" என்று சொல்லிவிடுவேன். பாதி விளையாட்டுக்குத்தான் சொல்வது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது முழுக்க உண்மை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

எங்கள் டீமுக்கு வருஷா வருஷம் புதுப் பசங்க வருவார்கள். நாக்பூர், பாட்னா, திருச்சூர் என்று எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. கமாண்டுகளைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டிஸ்க் முழுசா ரொம்பிப் போச்சு, சர்வர் நின்னுடுச்சு. பார்த்தா ஒரு ஃபோல்டர்ல லாக் கோப்பு மட்டும் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. என்ன செய்வீங்க?" பெரும்பாலும் யோசிக்காமல் வரும் பதில்: "பழைய லாகை எல்லாம் டெலீட் பண்ணிடலாம் சார்."

தப்பு அவர்கள் மேல் இல்லை. மற்ற சாஃப்ட்வேர்களில் லாக் என்பது வெறும் புலம்பல். யார் வந்தார், என்ன பிழை, எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்திருக்கும். அழித்தால் குடி முழுகிப் போகாது. டேட்டாபேஸ் லாக் அப்படி இல்லை. அதை அழித்தால் நிஜமாகவே குடி முழுகும். இந்த வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஐம்பது வருஷக் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிட்டையும் பேரேடும்

நம்மூர் மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். வியாபார நேரத்தில் யார் என்ன வாங்கினாலும் முதலாளி வரிசையாக ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டே போவார். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு, அதைப் பார்த்து பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். நடுவில் கரண்ட் போய், பேரேட்டில் பாதி ஏற்றியும் பாதி ஏற்றாமலும் நின்றுவிட்டால்? கவலையே இல்லை. சிட்டை இருக்கிறது, திரும்ப உட்கார்ந்து சரிபார்த்துக் கொள்ளலாம். சிட்டையே போய்விட்டால்தான் தலையில் துண்டு.

டேட்டாபேஸிலும் இதே கதைதான். டேபிள்கள் பேரேடு, லாக் சிட்டை. நீங்கள் ஒரு வரியை மாற்றினால் அந்த மாற்றம் முதலில் மெமரியில்தான் நடக்கிறது. டிஸ்க்கில் உள்ள டேபிள் பக்கம் அப்போதே மாறுவதில்லை. அங்கங்கே சிதறிக் கிடக்கும் பக்கங்களை ஒவ்வொரு தடவையும் தேடிப்போய் எழுதினால் சர்வர் ஆமை வேகத்தில்தான் ஓடும். அதனால் லாக் கோப்பின் கடைசியில், வரிசையாக, "இன்ன பக்கத்தில் இன்ன மாற்றம்" என்று மட்டும் எழுதுகிறது. அந்தக் குறிப்பு டிஸ்க்கைத் தொட்டதும் "கமிட் ஆச்சு" என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறது. டேபிள் பக்கம் பிறகு சாவகாசமாகப் போய்ச் சேரும்.

ஆக, சிட்டையில் எழுதாமல் பேரேட்டில் கை வைக்கக் கூடாது. 'ரைட் அஹெட் லாகிங்' என்ற பெரிய பெயருக்கு அர்த்தம் இவ்வளவுதான். நீங்கள் ரயில் டிக்கெட் எடுத்த பணமோ, ஆஸ்பத்திரியில் பதிந்த ரத்தப் பரிசோதனை முடிவோ, ஏதோ ஒரு சில நிமிஷத்துக்கு அந்த லாக் கோப்பில் மட்டுமே இருந்திருக்கும். டிஸ்க்கில் வேறு எங்கேயும் இருக்காது.

சுத்தி வளைத்து வந்த வழி

1970 ஜூனில் ஐபிஎம்-மின் சான் ஹோசே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த டெட் காட் ரிலேஷனல் மாடல் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். தகவலை வரிசையும் பத்தியுமாக டேபிள்களில் வைக்கலாம், அது டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்ற கவலை பயனாளிக்கு வேண்டாம் என்பது அவர் வாதம். கணித ரீதியாகப் பிரமாதம். ஆனால் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டுரையின் கவலை இல்லை.

அந்தக் கவலை, காட் சொன்னதை நிஜமாகக் கட்ட உட்கார்ந்தவர்கள் தலையில் விழுந்தது. 1970-களின் நடுவில் அதே கூடத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டம் தொடங்கியது. இன்று நாம் எழுதும் எஸ்க்யூஎல் பிறந்த வீடு அதுதான். கிராஷ் ஆனால் மீள்வதற்கு அவர்கள் லாகை மட்டும் நம்பவில்லை. 'நிழல் பக்கம்' என்ற முறையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் பழையதை அடிக்காமல், புதியதை வேறோர் இடத்தில் எழுதி, எல்லாம் சரி என்றதும் முகவரிப் பட்டியலை மாற்றுவது. பாதியில் கிராஷ் ஆனால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும்.

கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? சின்ன டேட்டாபேஸுக்குச் சரி. பெரியதானால் வினை. பக்கத்தில் பக்கத்தில் இருந்த பக்கங்கள் டிஸ்க்கில் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிவிடும். முகவரிப் பட்டியலும் பூதாகாரமாக வளரும். 1981-இல் அந்தக் குழு வெளியிட்ட கட்டுரைகளில் இந்தக் குறைகளை அவர்களே எடுத்து வைத்தார்கள். பெரிய டேட்டாபேஸுக்கு லாக் வழிதான் நல்லது என்ற முடிவுக்கும் வந்தார்கள். தான் கட்டியதைத் தானே குறை சொல்லி எழுதி வைப்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

அந்தக் குழுவின் முக்கியமான ஆள் ஜிம் கிரே. ஒரு வேலை முழுசாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காத மாதிரி இருக்க வேண்டும் என்ற 'டிரான்ஸாக்ஷன்' கருத்தைச் செதுக்கியவர்களில் தலையாயவர். 1998-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரி 28-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தன் பாய்மரப் படகில் தனியாகக் கடலுக்குள் போனவர் திரும்பவே இல்லை. சாட்டிலைட் படங்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் உட்கார்ந்து துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. எதுவும் தொலையக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வேலை செய்த மனுஷன்.

கெமிக்கல் படித்த நம்மாள்

இங்கே நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்தவர். மெட்ராஸ் ஐஐடி-யில் 1977-இல் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். பிறகு டெக்சாஸில் கம்ப்யூட்டர் துறையில் டாக்டர் பட்டம் வாங்கி, 1981 கடைசியில் ஐபிஎம்-மின் அதே சான் ஹோசே கூடத்தில் சேர்ந்தார். அவரும் நான்கு சகாக்களும் சேர்ந்து எழுதி 1992 மார்ச்சில் வெளிவந்த கட்டுரையின் பெயர் 'ஏரீஸ்'. கிட்டத்தட்ட எழுபது பக்கம். நான் ரெண்டு தடவை முட்டி மோதி, மூன்றாவது தடவைதான் கரை ஏறினேன்.

அதன் சாரம் இதுதான். கிராஷ் ஆன சர்வர் எழுந்ததும் மூன்று வேலை செய்ய வேண்டும். முதலில் லாகைப் படித்து, விழும்போது யார் யார் பாதி வேலையில் இருந்தார்கள், எந்தெந்தப் பக்கம் டிஸ்க்குக்குப் போகாமல் இருந்திருக்கலாம் என்று கணக்கெடுப்பது. ரெண்டாவது, நடந்ததை எல்லாம் வரிசையாகத் திரும்ப நடத்துவது. முடிந்த வேலை, முடியாத வேலை என்ற பேதமே கிடையாது. இதற்கு அவர்கள் வைத்த பெயரே 'சரித்திரத்தைத் திரும்ப நடத்துதல்'. மூன்றாவது, முடியாத வேலைகளை மட்டும் பின்னோக்கி ரத்து செய்வது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. ரத்து செய்வதையும் லாகில் எழுத வேண்டும் என்கிறார்கள். ஏன்? மீட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை கரண்ட் போகலாமே! அப்போது ஒரே வேலையை ரெண்டு முறை ரத்து செய்துவிடக் கூடாது. விழுவதைப் பற்றி மட்டும் இல்லை, எழும்போது மறுபடி விழுவதைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள் புண்ணியவான்கள்.

டிபி2, மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. எஸ்க்யூஎல் சர்வர் கிராஷ் ஆகி எழும்போது அதன் பிழைப் பதிவில் "மூன்றில் இரண்டாம் கட்டம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்த மூன்று கட்டமும் ஏரீஸ் சொன்ன மூன்றுதான். "எவ்வளவு நேரம்யா ஆகும்" என்று மேனேஜர் கத்துவதைக் கேட்டு, பொறுமை இழந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது மறுபடி முதல் கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சிட்டை இல்லாத கடைகள்

எல்லோரும் உடனே இந்த வழிக்கு வந்துவிடவில்லை. மைஎஸ்க்யூஎல் ரொம்ப நாள் மைஐசாம் என்ற முறையில் ஓடியது. வேகம் உண்டு, ஆனால் டிரான்ஸாக்ஷனும் இல்லை, மீட்கும் லாகும் இல்லை. கரண்ட் போய் வந்தால் "டேபிள் பழுது, ரிப்பேர் செய்க" என்று சொல்லும். ரிப்பேர் ஓடி முடிக்கும்வரை சாமியைக் கும்பிட வேண்டியதுதான். லாக் உள்ள இன்னோடிபி முறை 2010-இல் வந்த 5.5 பதிப்பில்தான் இயல்புநிலை ஆனது.

போஸ்ட்கிரஸ் கதை வேறு. அதைத் தொடங்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், பழைய வரியை அழிக்காமல் புது வரியை வேறிடத்தில் எழுதினால் லாகே வேண்டாம் என்று நினைத்தார். கமிட்டுக்குக் கமிட் மாறிய பக்கங்களை எல்லாம் டிஸ்க்கில் தள்ள வேண்டியிருந்ததால் மெதுவாக இருந்தது. இண்டெக்ஸ் எழுதும்போது கிராஷ் ஆனால் இண்டெக்ஸ் கெட்டுப்போகும். கடைசியில் 2001-இல் வெளிவந்த 7.1 பதிப்பில் அங்கும் சிட்டை வந்து சேர்ந்தது.

ஒரு பெயர் செய்த கொலை

அந்த லாக் ஃபோல்டருக்கு போஸ்ட்கிரஸ்காரர்கள் வைத்த பெயர் 'பிஜி எக்ஸ்லாக்'. பக்கத்தில் 'பிஜி சிலாக்' என்று இன்னொன்று. எந்த டிரான்ஸாக்ஷன் முடிந்தது, எது முடியவில்லை என்ற கணக்கு அதில். ரெண்டிலும் 'லாக்' என்ற சொல் இருந்ததால், டிஸ்க் ரொம்பும்போது உலகம் முழுக்க ஆட்கள் அதைக் குப்பை என்று நினைத்து அழித்தார்கள். அழித்த பிறகு சர்வர் எழாது. கடைசியில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்: 'பிஜி வால்', 'பிஜி எக்ஸாக்ட்'. பழைய ஸ்கிரிப்டுகள் உடையும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். ஒரு சொல்லால் அத்தனை டேட்டா அழிந்திருக்கிறது.

சரி, அப்ப என்னதான் செய்வது? லாக் சேருகிறது என்றால் அதை யாரோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ'வைத்தான் தேட வேண்டும். ஆரக்கிளில் ஓஆர்ஏ-00257 வந்தால் லாகின் நகல் போய்ச்சேரும் இடம் நிறைந்திருக்கும். நகலை பேக்கப் எடுத்து முறைப்படி இடம் விடுவிக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் 9002 வந்தால் பெரும்பாலும் யாரும் லாக் பேக்கப் எடுக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது காலையில் திறந்த டிரான்ஸாக்ஷனை மூடாமல் ஒருத்தர் வீட்டுக்குப் போயிருப்பார். போஸ்ட்கிரஸில் செத்துப்போன ரெப்ளிகாவின் ஸ்லாட் ஒன்று "எனக்கு வேணும், வேணும்" என்று பிடித்து வைத்திருக்கும், அல்லது ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள், வேறு கோப்புகளை நகர்த்துங்கள். சிட்டையைக் கையால் தொடாதீர்கள்.

டிஸ்க் சொன்ன பொய்

கதை 1992-ஓடு முடிந்துவிடவில்லை. 2018-இல் ஒரு குண்டு விழுந்தது. "டிஸ்க்கில் எழுதிவிடு" என்று லினக்ஸிடம் டேட்டாபேஸ் சொல்கிறது. எழுத முடியாமல் பிழை வருகிறது. டேட்டாபேஸ் மறுபடி கேட்கிறது. இந்த முறை "எழுதியாச்சு" என்று பதில் வருகிறது. ஆனால் எழுதவில்லை! முதல் பிழையோடு அந்தப் பக்கத்தையே லினக்ஸ் 'முடிந்தது' கணக்கில் சேர்த்துவிட்டிருந்தது. பல வருஷமாக இதைத் தெரியாமலேயே போஸ்ட்கிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் வந்த திருத்தம் என்ன தெரியுமா? அப்படி ஒரு பிழை வந்தால் மறுபடி கேட்காதே, உடனே விழுந்துவிடு, எழுந்து லாகிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நடத்து. நம்ப முடியாத நேரத்தில் பேரேட்டை விட்டுவிட்டு மறுபடி சிட்டையிடமே போகிறார்கள்.

பயிற்சி வகுப்புகளில் கமாண்டுகள் சொல்லித் தருகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். இந்தச் சரித்திரத்தை யாரும் சொல்வதில்லை. கமாண்டை கூகிளில் தேடிக்கொள்ளலாம். ஆனால் எதைத் தொடக் கூடாது என்பது, அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அதனால்தான் எங்கள் டீமில் சேரும் பசங்களுக்கு முதல் நாள் கமாண்ட் எதுவும் சொல்லித் தருவதில்லை. ஒரு பேப்பரில் சிட்டையும் பேரேடும் வரைந்து மளிகைக் கடைக் கதைதான். நாக்பூர்க்காரப் பையன் ஒருத்தன் கேட்டுவிட்டு, "எங்க தாத்தா கடையிலயும் இப்படித்தான் சார்" என்றான். அவனுக்கு மேற்கொண்டு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிஸ்கி: லாக் இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். சிட்டையும் பேரேடும் ஒரே டிஸ்க்கில் இருந்து, அந்த டிஸ்க்கே போய்ச் சேர்ந்தால், மோகன் சார் வந்தாலும் காப்பாற்ற முடியாது.