போர்க்காலப் படைச்சின்னங்களும் கள்ளக்குறிச்சி வட்டார வரலாறும்

படைவீரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் அடையாளங்களைப் படைச்சின்னம் என்கிறோம். தம்மவரையும் பகைவரையும் பிரித்தறிதலே இவற்றின் முதற்பயன். தமிழர்க்கு இம்மரபு புதிதன்று. போந்தை சேரர்க்கும், வேம்பு பாண்டியர்க்கும், ஆத்தி சோழர்க்கும் உரிய பூக்கள் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கும். நலங்கிள்ளி நெடுங்கிள்ளியை முற்றியிருந்த காலத்தில், இருவர் கண்ணியும் ஆத்தியே என்பதைக் காட்டி, எவர் தோற்பினும் இழப்பு ஒரு குலத்திற்கே எனக் கோவூர்கிழார் இடித்துரைத்தமை புறநானூற்றின் 45ஆம் பாட்டால் அறியப்படும்.

பூ வாடும், கல் நிற்கும். கல்வராயன் மலைக்கு வடக்கே அமைந்த செங்கம் பகுதியின் நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. வட்டெழுத்துப் பொறித்த அக்கற்களில் அரசனின் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் பட்ட காரணமும் காணப்படுகின்றன. இவற்றோடு, முதல் உலகப் போருக்குப்பின் நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் ஆங்கில அரசு பதித்த கற்பலகைகளை ஒப்பிடுதல் வேண்டும். ஊரிலிருந்து சென்றோர் இத்துணையர், மாண்டோர் இத்துணையர் என்னும் எண்ணிக்கையே அவற்றில் உண்டு, பெயர் இல்லை. அந்தப் பெயர்களை மீட்டற்கு எஞ்சிய கருவிகளுள் ஒன்று, வீடுகளின் பெட்டிகளில் கிடக்கும் பதக்கமும் சின்னமும் ஆகும்.

அவற்றை ஆராயும் முறை யாது? முதலில் விளிம்பை நோக்க வேண்டும். 1914–18 போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். போர்வீரர்க்கு வெள்ளியாலும், தொழிலாளர் படையினர்க்கு வெண்கலத்தாலும் அது வழங்கப்பட்டது. ஆகவே உலோகமே அணிந்தவனின் பணியை ஓரளவு உணர்த்தும். 'கர்னாடிக்' காலாட்படை என்னும் பெயரைக் கண்டு கன்னட நாட்டுப் படை என மயங்குதல் கூடாது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்பே அச்சொல்லாற் குறிக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின் விண்மீன் பதக்கங்கள் பலவற்றில் பெயர் காணப்படுவதில்லை. இங்கு நாடாவும் வடிவமும் துணைசெய்யும். நடுவே சிவப்பும், அதன் இருமருங்கும் செம்மஞ்சட் கோடு ஊடே வரும் கருநீலமும் கொண்ட நாடா பர்மாப் போர்முனைக்குரியது. பின்புறத்தில் இந்திய நிலப்படமும் 1939–45 என்னும் ஆண்டுகளும் உடையது இந்தியப் பணிப் பதக்கம். கையிற் பட்டைகள் ஒன்றாயின் லான்ஸ் நாயக், இரண்டாயின் நாயக், மூன்றாயின் ஹவில்தார். முடியரசின் மகுடம் உடைய சின்னங்கள் முற்பட்டவை. 1950 சனவரி 26-இல் குடியரசு தோன்றியபின் மகுடத்தின் இடத்தை அசோகச் சிங்கம் பெற்றது. 1803-இல் நிகழ்ந்த அசாயேப் போரின் நினைவாகிய யானை, இன்றும் சென்னைப் படைப்பிரிவின் சின்னத்தில் விளங்குகிறது.

ஊர்ப்பெயரை ஒப்புநோக்குதல் அடுத்த படி. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி மாவட்டமாயிற்று. அதற்குமுன் விழுப்புரம் மாவட்டத்திலும், 1993-க்கு முன் தென்னார்க்காடு மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. எனவே இரு பெரும் போர்க்காலங்களின் ஆவணங்களைத் தென்னார்க்காட்டின்கீழ்த் தேடுதல் வேண்டும். கல்வராயன் மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. ஆகையால் மலைவாழ் மலையாளி மக்களின் செய்திகள் ஈரிடத்தும் சிதறிக் கிடக்கக்கூடும்.

இனி, இந்திய தேசிய இராணுவத்தின் சின்னங்களைக் காண்போம். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருள் தென்னார்க்காட்டாரும் சேலத்தாரும் பலர். நேதாஜியின் அழைப்பை ஏற்று 1943 முதல் தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையாய் அப்படையிற் சேர்ந்தனர். பாயும் புலி அதன் சின்னம். சோழர் புலியோடு அதனைத் தொடர்புபடுத்திப் பேசுதல் செவிக்கு இனிது. ஆயினும் சான்று காட்டாது அவ்வாறு முடிபுகூறுதல் ஆய்வாகாது. 1944-இல் இம்பால் முனையில் ஆங்கிலேயரின் இந்தியப் படையும் தேசிய இராணுவமும் எதிர்நின்றன. இரண்டிலும் தமிழர் இருந்தனர். கோவூர்கிழார் கண்ட இரு கிள்ளியர்க்குக் கண்ணி ஒன்று. இவர்க்கோ சின்னம் வேறு, குடி ஒன்று. ஒரு தாலுகாவிற் கிடைக்கும் பர்மா விண்மீனையும் புலிச் சின்னத்தையும் அருகருகே வைத்து எழுதப்படும் வரலாறே நிறைவுடைய வரலாறாகும். 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்திற்கு அளிக்கப்பட்ட விண்ணப்பங்கள் இதற்குரிய நல்ல சான்றுகள்.

தொகுப்போர் சிலர் பொருளை விலைகொடுத்து வாங்கி, வாங்கிய வீட்டை மறந்துவிடுகின்றனர். வெள்ளிப் பதக்கங்கள் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுவதும் உண்டு. ஊரும் பெயரும் நீங்கிய சின்னம் ஒரு படை இருந்தது என்று மட்டுமே கூறும். அப்படை இருந்தது என்பதை நாம் முன்னரே அறிவோம். ஆதலின் பொருளை உரியவர் வீட்டிலேயே விட்டு, இருபுறமும் விளிம்பும் நிழற்படம் எடுத்து, அணிந்தவன் பெயர், ஊர், உறவினர் கூற்று, பணிவிடுப்புச் சான்றிதழின் செய்தி ஆகியவற்றை உடன் எழுதிவைத்தல் சாலச்சிறந்தது. குடும்பத்தார் தாமே கொடுக்க விரும்பின், சென்னைக் கோட்டை அருங்காட்சியகம் போன்ற பொது இடங்களுக்கு அவ்வெழுத்தோடு சேர்த்தே வழங்கச் செய்யலாம். செங்கத்துக் கல்தச்சன் ஒரு வீரனுக்குச் செய்ததைச் செய்யவே நாம் வேண்டுகிறோம். கேட்டுச் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.