பட்டுப்பாவாடைக்கு வயது என்ன?

தீபாவளி, ஆடிப்பெருக்கு, நவராத்திரி, கோகுலாஷ்டமி... எந்தப் பண்டிகை வந்தாலும் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். "புள்ளைக்கு பாரம்பரியமா ஏதாவது போட்டு விடு." பாரம்பரியம் என்றால் பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை சட்டை, பையனுக்குப் பட்டு வேட்டி சட்டை. நாகூரில் ஆரம்பித்து கும்பகோணம் வரை இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஏதோ ராஜராஜ சோழன் காலத்திலிருந்தே குழந்தைகள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்ற நினைப்பு எல்லோர் மனதிலும் இருக்கிறது.

உண்மையில் இந்தப் பாரம்பரியத்துக்கு வயது என்ன?

பழைய இலக்கியத்தில் தேடினால் முதலில் கிடைப்பது துணி அல்ல, நகை. நாகூருக்கு வடக்கே அதே கடற்கரையில் இருக்கும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அது ஒரு சிறுவன் ஓட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் போய் விழுந்து தடுக்கிறது. அந்தச் சிறுவனின் காலில் பொன்னணி இருப்பதைப் புலவர் சொல்கிறார். இடுப்பில் என்ன கட்டியிருந்தான் என்று சொல்லவில்லை! அந்தச் சிறுதேரின் பேரப்பிள்ளையைத்தான் இன்றும் ஆடிப்பெருக்கன்று டெல்டாச் சிறுவர்கள் சப்பரம் என்ற பெயரில் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொரு சாட்சி புறநானூற்றின் 77ஆவது பாட்டு. இடைக்குன்றூர் கிழார் பாடியது. பாண்டியன் நெடுஞ்செழியன் மிகச் சிறிய வயதில் போருக்குப் போகிறான். காலில் இருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டு வீரக்கழல் போட்டிருக்கிறான், கழுத்தில் தாலியோ இன்னும் கழற்றப்படவில்லை. தாலி என்றதும் கல்யாணத் தாலி என்று நினைக்க வேண்டாம். இது ஐம்படைத்தாலி. சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சின்னதாகச் செய்து காவலுக்காகப் பிள்ளைகளுக்குப் போடுவது. அதாவது ஒருவன் குழந்தையா, பெரியவனா என்பதை நகையை வைத்தே சொன்னார்கள். அவன் வென்ற தலையாலங்கானம் இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடு என்பார்கள். அதுவும் நம்ம டெல்டாதான்.

பெரியாழ்வாரிடம் வந்தால் இது இன்னும் தெளிவாகிறது. கண்ணனைக் குழந்தையாகப் பாவித்து அவர் பாடிய பாசுரங்களில் காது குத்துவதற்கு ஒரு பதிகம், பூச்சூட்டுவதற்கு ஒரு பதிகம், குளிப்பாட்டுவதற்கு ஒரு பதிகம் உண்டு. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு தேவர்கள் அனுப்பும் சீர்வரிசையும் பெரும்பாலும் நகைநட்டுதான். துணியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தளர்நடை போடும் கண்ணனுக்கு இடுப்பில் அரசிலை என்ற அணியும், மஞ்சள் நிறச் சிற்றாடை ஒன்றும் உண்டு. அவ்வளவுதான். நம் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம் :-)

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். துணியே இல்லாத ஊர் இல்லை இது. சோழமண்டலக் கரைத் துணி உலகம் முழுக்கப் போனது. அதற்காகவே டச்சுக்காரர்கள் 1658ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். நாகூர், நாகப்பட்டினத்து மரைக்காயர்கள் கப்பல் கப்பலாகத் துணியை மலாய் நாட்டுக்கும் சுமத்ராவுக்கும் கொண்டு போனார்கள். அவர்கள் குடியேறிய சிங்கப்பூரில் 1828-30ல் நாகூர் தர்காவின் பெயரிலேயே ஒரு தர்கா எழும்பியது. அங்கே போன துணியை நெய்த ஊர்களில், பிள்ளைகள் அரைஞாண் கயிற்றோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. வறுமை மட்டும் காரணமில்லை, வழக்கமே அதுதான். அரண்மனை ஓவியர்களே அதற்குச் சாட்சி. மராட்டியர் காலத்தில் செழித்த தஞ்சாவூர் ஓவியங்களில் வெண்ணெய் உருண்டையோடு இருக்கும் பாலகிருஷ்ணனைப் பாருங்கள். உடம்பு முழுக்கத் தங்கமும் கல்லும்; துணி பேருக்குத்தான்.

அப்படியானால் தைத்த பாவாடை சட்டை எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை, ஒரே வழியாகவும் வரவில்லை. நாயக்கர் ஆட்சியில் தெலுங்கு வழக்கங்கள் தஞ்சைக்கு வந்தன (ரவிக்கை என்ற சொல்லே தெலுங்கு உறவுதான்). பட்டு நெய்யும் சௌராஷ்டிரர்கள் கும்பகோணம், அய்யம்பேட்டைப் பக்கம் குடியேறினார்கள். 1676 முதல் 1855 வரை மராட்டியர். கூடவே கடற்கரையில் முஸ்லிம் வணிகரும் ஐரோப்பியரும். இவர்கள் எல்லோரும் தைத்த உடைக்குப் பழகியவர்கள். ஆனால் சாதாரண வீட்டுக் குழந்தை வரை அது இறங்கியதற்கு முக்கியக் காரணம் ஒரு எந்திரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கர் தையல் மிஷின் இந்தியாவுக்கு வந்தது. 1930களில் கல்கத்தாவில் உஷா வந்தது. அதன் பிறகுதான் கடைத்தெருவுக்கு ஒரு தையற்காரர் என்றானது. தமிழகத்தில் தையல் தொழிலில் முஸ்லிம்கள் நிறையப் பேர். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி கண் விழித்து "பாரம்பரிய" பாவாடையைத் தைத்து முடித்தவர் ஒரு பாயாக இருந்தது பல ஊர்களில் சர்வ சாதாரணம்.

பட்டு விலை அப்போதும் கையைக் கடித்தது. அதனால் வீடுகளில் ஒரு சிக்கன சாஸ்திரமே உருவானது. வளரும் பிள்ளை என்று பாவாடையை நீளமாக எடுத்து, உள்ளே மடித்து 'டக்' பிடித்துத் தைப்பார்கள். வருடா வருடம் ஒரு மடிப்பைப் பிரித்து விட்டால் அதே பாவாடை மூன்று நான்கு தீபாவளி தாங்கும். (பிரித்த இடத்தில் மட்டும் நிறம் பளிச்சென்று தெரியும். தேய்மானத்தை இதைவிட நன்றாக எந்த அக்கவுண்டன்சி புத்தகமும் விளக்காது.) அக்காவுக்குப் பிறகு தங்கை. அம்மாவின் கல்யாணப் புடவை கிழிந்தால் அதிலிருந்து ஒரு பாவாடை. இறக்குமதியான ஆர்ட் சில்க் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் பட்டு மாதிரி மினுங்கும் பாவாடை இன்னும் பல வீடுகளுக்குப் போனது.

எல்லா வீடுகளுக்கும் போகவில்லை. இந்த நெல் வயல்களில் வேலை செய்த பண்ணையாட்களுக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது. துணி என்பது மிராசுதார் பண்டிகைக்குக் கொடுக்கும் வேட்டி, சேலைதான். தாழ்த்தப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கிக் கட்டக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்ற தடைகளும் இருந்தன. அவர்கள் வீட்டுக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை போட்டுப் பார்க்கப் பணம் மட்டும் போதாது, துணிச்சலும் வேண்டும். 1943ல் பி.சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகத்தான் முதல் போராட்டம். 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்படியும் 1968ல் நாகூரிலிருந்து அதிக தூரமில்லாத கீழவெண்மணியில், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தகராறில் 44 பேர் எரிந்து போனார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. "நம்ம பாரம்பரிய உடை" என்று சொல்லும்போது அந்த "நம்ம"வில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

பட்டுப்பாவாடை எல்லோருக்கும் பொதுவான ஆசையாக மாறியது சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. 1955ல் திருபுவனத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. (திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.) 1983ல் இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்த பிறகு, பண்டிகைத் துணிக்கு மிராசுதாரை எதிர்பார்க்கும் நிலையும் குறைந்தது.

கடைசியாக கோகுலாஷ்டமி கிருஷ்ண வேஷம். அரிசி மாவில் பாதம் போட்டு, முறுக்கும் சீடையும் வைத்துக் கும்பிடுவது பழைய வழக்கம். பிள்ளைக்கு அட்டைக் கிரீடம், மயிலிறகு, புல்லாங்குழல் எல்லாம் வைத்து ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியும் சமீபத்தியவை. 1894ல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் தெய்வங்களை வீட்டுச் சுவருக்குக் கொண்டு வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜூவும் அவர் சீடர்களும் வரைந்த காலண்டர்கள் அந்த முகத்தைத் தமிழ்நாட்டுக்கு நிலைநிறுத்தின. 1957ன் மாயா பஜாரில் என்.டி.ஆர். அதற்கு உயிர் கொடுத்தார். பர்தா போட்ட ஒரு தாய் கிருஷ்ணர் வேஷம் போட்ட பிள்ளையைக் கூட்டிப் போகும் படம் அவ்வப்போது பத்திரிகையில் வரும், எல்லோரும் அதிசயிப்பார்கள். நாகூர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாக இருக்காது. தர்காவின் உயரமான மினாராவைக் கட்டியவரே தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங்தான். இந்துக் குடும்பங்கள் நேர்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு அங்கே மொட்டையடிப்பதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தக் கிருஷ்ண வேஷத்தில் கிரீடம் காலண்டரிலிருந்து வந்தது, ஜிகினா கடையிலிருந்து வந்தது. இடுப்பில் இருக்கும் மஞ்சள் துண்டு மட்டும் பெரியாழ்வார் காலத்துச் சரக்கு. பிள்ளைகள் முதலில் அவிழ்த்துப் போடுவதும் அதைத்தான்.