ஓரத்து இடைவெளியின் வரலாறு



நான் வாழும் நெய்வேலி நகரியம் வட்டங்களாக வகுக்கப்பட்டது. ஒரு வட்டத்தையும் அடுத்த வட்டத்தையும் பிரிப்பது மதில் அன்று; சாலைதான். வெற்றிடமும் எல்லையாகக்கூடும் என்பதை இவ்வூரார் நடைமுறையிலேயே அறிவர். கணினி மொழிகளிலும் இவ்வாறு ஒன்று உண்டு. மொழிகள் பலவும், சேர்ந்து இயங்கவேண்டிய வரிகளை அடைப்புக்குறிகளுக்குள் வைக்கின்றன. நம் மேல்நிலை வகுப்பினர் பயிலும் பைத்தான் மொழியோ, வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியைக் கொண்டே அவற்றை இனங்காண்கிறது. இதனை உள்தள்ளல் என்கிறோம்.

ஓரத்தில் விடும் சிறு இடைவெளிக்கு வரலாறும் உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் மாணவர் சிலர் மதிப்பெண்களைக் கூட்டித் தரும் நிரல் ஒன்றை எழுதியிருந்தனர். ஒரு நாள் மாணவன் ஒருவன், தன் மொத்த மதிப்பெண் குறைவாக இருப்பதாக வந்து நின்றான். கணினி தவறாகக் கூட்டுமா என்று எண்ணி, அவனையே கடிந்துகொண்டேன். பிறகு தாளில் கூட்டிப் பார்த்தேன். கணக்குப் பாடத்தில் அவன் பெற்ற 31 மதிப்பெண் மொத்தத்தில் சேரவே இல்லை!

காரணம் பிறகு விளங்கிற்று. நிரலை முதலில் எழுதியவர் இடைவெளி விசையை அழுத்தி வரிகளைத் தள்ளியிருந்தார். பின்னர் கூட்டல் வரியைச் சேர்த்த மற்றொரு மாணவர் தாவல் விசையை, அதாவது டேப் விசையை, அழுத்தியிருந்தார். அவர் பயன்படுத்திய உரைத்தொகுப்பி ஒரு தாவலை 4 இடமாகக் காட்டியது. எங்கள் கணினியில் இருந்த பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்போ அதனை 8 இடமாக எண்ணியது. ஆகவே, ‘35 பெற்றால் தேர்ச்சி’ என்னும் நிபந்தனைக்கு வெளியே நிற்பதாகக் கண்ணுக்குத் தோன்றிய வரி, கணினிக்கு அந்நிபந்தனையின் உள்ளே நின்றது. தேர்ச்சி பெறாத பாடத்தின் மதிப்பெண் விடுபட்டது. பிழை என்று கணினி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தாவல் விசை தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. எண்களைப் பத்தி பத்தியாக நேர்படுத்தவே அது அங்கு அமைந்தது. கணினிக்கு வந்தபின் 8 இடம் என்பது பரவலான வழக்காயிற்று. பலர் 4 இடம் போதும் என்றனர். கோப்பில் பதிவது ‘தாவல்’ என்னும் ஒரே குறி. அதன் அகலமோ பார்ப்பவரின் உரைத்தொகுப்பியைப் பொறுத்தது.

1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்னும் கருவியை உருவாக்கினார். அதில் கட்டளை வரி தாவலில்தான் தொடங்கவேண்டும் என்பது விதி. விதி இடர்தரும் என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் ஏறத்தாழ 12 பேர் அக்கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுடைய கோப்புகள் கெடக்கூடாதே என்று மாற்றாமல் விட்டார். அந்தச் சிலருக்காக நின்ற விதி பின்னர் உலகெங்கும் எண்ணற்றோரைத் தொடர்ந்தது. 2010இல் குனு மேக் ஒரு நல்வழி கண்டது. வேறு குறி வேண்டுவோர் அதனைக் கோப்பிலேயே அறிவிக்கலாம். அறிவிக்காத பழைய கோப்புகளுக்குத் தாவலே விதி.

1991இல் வெளிவந்த பைத்தானிலும் இத்தகைய முன்னெச்சரிக்கையைக் காணலாம். 2001இல் வகுக்கப்பட்ட அதன் நடைவிதி 4 இடைவெளிகளைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஏற்கெனவே தாவலில் எழுதப்பட்ட நிரலைத் தொடரும்போது தாவலையே கொள்ளலாம் என்றும் இடம் தருகிறது. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு, பொருள் மயங்கும்படி இரண்டும் கலந்தால் நிரலை இயக்க மறுத்துப் பிழையென அறிவிக்கிறது. எங்கள் மாணவனுக்கு நேர்ந்த தீங்கு அப்பதிப்பில் நேர்ந்திராது.

நம் தமிழ் எழுத்தும் இத்தகைய மாற்றத்தைக் கண்டதன்றோ? பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை போன்ற எழுத்துகள் வடிவம் மாறின. துதிக்கை போல் வளைந்த கொம்புடைய பழைய ‘லை’யை எழுதிப் பழகியவன் நான். புதிய பாடநூல்கள் புதிய வடிவில் அச்சாயின. எனினும் என் தந்தையார் வைத்திருந்த நூல்களை என் பேரன் சற்றே தயங்கியேனும் படித்துவிடுகிறான். வடிவம் மாறியது, சொல் மாறவில்லை.

எங்கள் நிரல் எவ்வாறு திருந்தியது? தாவல் ஒவ்வொன்றையும் 8 இடைவெளியாக மாற்றியிருந்தால் பிழை அப்படியே நிலைத்திருக்கும். அவ்வரியைச் சேர்த்த மாணவர் அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, தாவலை எத்தனை இடமாகக் கொண்டு எழுதினாய்?” என்று கேட்டேன். “நான்கு, ஐயா” என்றார். அதன்படி திருத்தினோம். அந்த 31 மதிப்பெண்ணும் மொத்தத்தில் சேர்ந்தது. கடிந்துகொண்ட மாணவனிடம் நான் வருத்தம் தெரிவித்தேன்.

மாணவர்களே! புதிய முறையை வகுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பிறர் எழுதியதைத் திருத்தப் புகுமுன், அவர் எம்முறையில் எழுதினார் என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் உரைத்தொகுப்பியும் கோப்பின் வழக்கத்தைப் பின்பற்றுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். வெற்றிடம்தானே என்று நீங்கள் நீக்கும் இடத்தில் ஒருவருடைய மதிப்பெண் இருக்கலாம்.