பானைக்குள் பாடிய ரேடியோ: பெரம்பலூர், அரியலூர் டிரான்சிஸ்டர் கதை

பழைய பொருட்களைப் பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துகிட்டே இருக்கு. "வீட்டுப் பரண்ல தாத்தாவோட டிரான்சிஸ்டர் ஒன்னு கிடக்கு. சரி பண்ணலாமா? சரி பண்ணா, சத்தம் முன்னைவிட நல்லா வருமா?" இன்னைக்கு அதைத்தான் எடுத்துக்கப் போறோம். ஆனா இது ரிப்பேர் கேள்வி மட்டும் இல்லை. "நல்ல சத்தம்"னா என்னன்னு முதல்ல முடிவு பண்ணணும். அந்தப் பெட்டி எதைக் கேட்கறதுக்காக வீட்டுக்குள்ள வந்தது? அது வரலாறு. அதனால அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்.

இடம், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள். ரேடியோ கோலோச்சின காலத்துல இந்தப் பேர்ல மாவட்டமே கிடையாது. பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல. அரியலூர் 2001-ல பிரிஞ்சு, அடுத்த வருஷமே திரும்பச் சேர்ந்து, 2007-ல மறுபடி பிரிஞ்சது. அதுக்கு முன்னாடி எல்லாமே திருச்சி ஜில்லா. ரேடியோவிலும் அப்படித்தான். 1939 மே 16-ல திருச்சி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கினது. சென்னை அதுக்கு ஒரு வருஷம்தான் மூத்தது. பெரம்பலூர்ல இருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர், அரியலூர் கொஞ்சம் கூட. மீடியம் வேவ்ல பகல் நேரத்துல நிலத்தை ஒட்டி வர்ற அலைக்கு இது ஒரு தூரமே இல்லை. சாதாரணப் பெட்டியிலகூட திருச்சி கணீர்னு விழும்.

ஆனா ஆரம்பத்துல பெட்டி யார் வீட்டுல இருந்தது? வால்வு ரேடியோ மின்சாரம் கேட்கும், இல்லேன்னா தலையணை சைஸ்ல பேட்டரி கேட்கும். மேல நீளமா ஏரியல் கம்பி கட்டணும். போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேற. அதனால பல ஊர்ல ரேடியோன்னா பஞ்சாயத்து ரேடியோதான். பெட்டி உள்ள பூட்டி இருக்கும், வெளியில குழாய் பாடும், ஜனங்க மரத்தடியில உட்கார்ந்து கேட்பாங்க.

1947 டிசம்பர்ல அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துல டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல 'ரீஜென்சி டிஆர்-1'ன்னு, நாலே டிரான்சிஸ்டர்ல, பாக்கெட்ல அடங்குற ரேடியோ கடைக்கு வந்தது. அதே 1954-லதான் பெங்களூரு ஜாலஹள்ளியில பாரத் எலக்ட்ரானிக்ஸ் தொடங்கப்பட்டது. 1960-கள்ல அங்கேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தயாராக ஆரம்பிச்சது. பிறகு பிலிப்ஸ், மர்பி, புஷ்னு கம்பெனிப் பெட்டிகளும், பேர் தெரியாத உள்ளூர் அசெம்பிள் பெட்டிகளும் கிராமத்துக்குள்ள இறங்கின. கரண்ட் வேண்டாம், மூணோ நாலோ கட்டை போதும். கட்டை தீர்ந்தாலும் விடமாட்டாங்க. வெயில்ல காய வெச்சு இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவாங்க.

இந்தப் பெட்டி எதுக்காக வந்ததுன்னு கேட்டேன் இல்லையா? ஒன்னு, பேச்சுக்காக. 1966-ல ஆல் இந்தியா ரேடியோ சில நிலையங்கள்ல விவசாயிகளுக்குன்னு தனிப் பிரிவு தொடங்கினது. திருச்சி அதுல ஒன்னு. அப்போ ஆடுதுறையில இருந்து வந்திருந்த ஏடிடி 27 நெல்லை எப்போ விதைக்கணும், எவ்வளவு உரம் போடணும்னு திருச்சி நிலையம் திரும்பத் திரும்பச் சொன்னது. காவிரிப் பாசனப் பகுதியில அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்'னே பேர் விழுந்துடுச்சு. விதைக்கு, கண்டுபிடிச்ச நிலையத்தோட பேரை விட்டுட்டு அதைச் சொன்ன பெட்டியோட பேரை வெச்ச ஜனங்க நம்ம ஜனங்க! கொள்ளிடக் கரையில இருக்கிற திருமானூர் பக்கம் நெல் கதை. பெரம்பலூர் பக்கம் மானாவாரி, அவங்களுக்கு மழை எப்போன்னு தெரியணும். இதுல எதுவுமே பேஸ் கேட்கிற விஷயம் இல்லை. ஏக்கருக்கு ஏழு கிலோவா எட்டு கிலோவான்னு தெளிவா காதுல விழுந்தா போதும்.

இன்னொன்னு, பாட்டு. அதுக்கு ராத்திரி ஆகணும். 1952-ல பி. வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரா வந்ததும் ஆல் இந்தியா ரேடியோல சினிமாப் பாட்டைச் சுருக்கிட்டாங்க. நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனாங்க. அதைச் சமாளிக்கத்தான் 1957 அக்டோபர் 3-ல விவித பாரதி வந்தது. இருந்தாலும் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் நம்ம ஊர்த் திண்ணையை விட்டுப் போகலை. பொழுது சாய்ஞ்சா, பகல்ல மீடியம் வேவை உறிஞ்சிக்கிற வான அடுக்கு மறைஞ்சிடும். அலை மேல போய்த் திரும்பி இறங்கும். அதனால தூரத்து ஸ்டேஷன் கிட்ட வரும், ஆனா அலை மாதிரி ஏறி இறங்கிக்கிட்டே வரும்.

பேச்சு தெளிவா இருந்த அதே பெட்டியில பாட்டு கேட்டா என்னமோ குறையுது. தபேலா 'டொக் டொக்'னு தகரம் மாதிரி கேட்குது. ஏன்னா ஸ்பீக்கர் மூணு, நாலு அங்குலம். பெரும்பாலான பெட்டியில அவுட்புட் அரை வாட்டைத் தாண்டாது. பின்மூடியில ஓட்டை ஓட்டையா இருக்கும். ஸ்பீக்கர் காகிதம் முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி இழுக்கிற காத்தும் ஓரத்துல கலந்து, கனமான ஓசைகள் ஒன்னையொன்னு தின்னுடும்.

அதுக்கு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச வழிதான் பானை. இயர்போன் துளையிலிருந்து ரெண்டு ஒயர் இழுத்து, ஆறோ எட்டோ அங்குல ஸ்பீக்கரைத் தனியா வாங்கி, மண்பானை வாய்மேல உட்கார வெச்சுடுவாங்க. தமிழ்நாடு முழுக்க இருந்த பழக்கம் இது. டேப் ரெக்கார்டர் வந்த பிறகு இன்னும் பெருசாச்சு. டீக்கடையில பானை, சைக்கிள் கடையில பானை. இதைப் பார்த்துச் சிரிக்கிறவங்க உண்டு. நான் சிரிக்கமாட்டேன். ஸ்பீக்கரோட முதுகுக் காத்தைப் பானை அடைச்சு வெச்சுக்குது, முன்பக்க ஓசையோட மோத விடலை. பெரிய ஸ்பீக்கர் அதே அரை வாட்டுக்குக் கூடுதல் சத்தம் தருது. லண்டன்ல மரப்பெட்டி செஞ்சவங்க பண்ணினதும் இதேதான். நம்ம ஆளுங்க குயவர்கிட்ட வாங்கினாங்க, அவ்வளவுதான். மூணு நாலு ரூபாய்க் காரியம்.

முக்கியமா, பானை வெச்சவங்க பெட்டிக்குள்ள கையை வைக்கலை. வேண்டாம்னா ஒயரைப் பிடுங்கினா பெட்டி பழையபடி இருக்கும். இன்னைக்கு நடக்கிறது வேற. ஓடாத பெட்டியை வாங்கி, உள்ளே இருக்கிறதை எல்லாம் பிடுங்கி எறிஞ்சுட்டு, ப்ளூடூத் போர்டும் சார்ஜ் பேட்டரியும் வெச்சு, 'விண்டேஜ் ஸ்பீக்கர்'னு விக்கிறாங்க. பார்க்க அழகா இருக்கு. ஆனா அது ரேடியோ இல்லை, ரேடியோவோட தோல். அந்தக் காலத்துக் காதுக்கு எது விழுந்ததுன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்கணும்னா, கேட்க வழியே இருக்காது. பேச்சுக்குக் கல்வெட்டு இல்லை. அது போய் விழுந்த பெட்டிதான் மிச்சம்.

சரி, முறையா சரி பண்றது எப்படி? நான் பல பெட்டிகளைப் பிரிச்சுப் பார்த்த அளவுல, முக்கால்வாசிக்குப் பெரிய வியாதி எதுவும் இல்லை. முதல்ல கட்டை வைக்கிற இடம். பழைய கட்டை ஒழுகி ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். அந்தக் காலத்து சாதாரணக் கட்டையோட கசிவு அமிலம். சோடா உப்பைத் தண்ணியில குழைச்சுத் துடைச்சா போயிடும். அடுத்து வால்யூம் குமிழ். திருப்பும்போது கரகரன்னா உள்ள தூசி. கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு இருபது தடவை திருப்பினா தீரும்.

அப்புறம்தான் உண்மையான குற்றவாளி: எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். அம்பது வருஷத்துல உள்ளே ஈரம் காய்ஞ்சு வெத்துக் கூடா நிக்கும். அது காய்ஞ்சா சத்தம் மெலிஞ்சிடும், கனமான ஓசை அத்தனையும் போயிடும், சில பெட்டி மோட்டார் படகு மாதிரி 'பட் பட் பட்'னு அடிக்கும். "பழைய ரேடியோன்னா சத்தம் இப்படித்தான்"னு நாம நினைச்சுக்கிட்டிருக்கிறோமே, அந்தத் தகரச் சத்தத்துல பாதி இந்தக் காய்ஞ்ச கண்டென்சரோடது. தாத்தா கேட்ட சத்தம் அது இல்லை. ஐந்தாறு கண்டென்சர் மாத்தினா பெட்டி திடீர்னு வாயைத் திறக்கும். மதிப்பு அதே இருக்கட்டும், வோல்ட் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆசைப்பட்டு மதிப்பை நாலு மடங்கு ஏத்தினா, சின்ன ஸ்பீக்கர் தாங்காம குழறும். பேச்சோட தெளிவு போயிடும். இன்னொன்னு கவனிக்கணும்: ஜெர்மானியம் பெட்டிகள் பலதுல கட்டையோட பிளஸ்தான் பொது இணைப்பு. இன்னைக்குப் பழக்கத்துல மைனஸ்னு நினைச்சுத் திருப்பிப் போட்டா புதுக் கண்டென்சரும் போச்சு.

அப்பவும் ஸ்டேஷன் பிடிக்கலைன்னா டிரான்சிஸ்டரைப் பாருங்க. ஏஎஃப் 117-ன்னு நாலு கால் உள்ள ஒன்னு பல பெட்டியில இருக்கும். அதோட உலோக மூடிக்குள்ள வெள்ளீயம், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை மாதிரி வளர்ந்து கால்களைத் தொட்டுடும். நாலாவது கால், அதாவது மூடியோட சேர்ந்த கால், அதை மட்டும் வெட்டி விட்டா பல சமயம் உயிர் வரும். ஐ.எஃப். காயில் தலையைத் திருகுறது மட்டும் வேண்டாம். கம்பெனியில 455 கிலோஹெர்ட்ஸுக்கு வெச்சு அனுப்பினது. கருவி இல்லாம திருகினா திரும்ப வைக்க முடியாது. ஸ்பீக்கர் காகிதம் கிழிஞ்சிருந்தா மெல்லிசு காகிதமும் தண்ணி கலந்த பசையும் போதும். மாத்தித்தான் ஆகணும்னா ஓம்ஸ் பார்த்து வாங்குங்க. பழைய பெட்டி சிலது 15, 25 ஓம்ஸ் கேட்கும். நாலு ஓம்ஸை மாட்டினா அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடாகிப் போயிடும். ஜெர்மானியத்துக்கு ஏற்கனவே சூடு ஆகாது. நம்ம ஊர் மே மாச மதியத்துல பெட்டி வெயில்ல இருந்தா சத்தம் பிசிறும். நிழலுக்கு வந்தா சரியாகும். அது பழுது இல்லை.

இதுக்கு மேலயும் சத்தம் வேணுமா? பெட்டியைச் சுவர் மூலையில வைங்க, கனம் கூடும். தோல் உறையைக் கழட்டுங்க, தெளிவு கூடும். அதுவும் போதலைன்னா பானைதான்.

இப்போ சங்கடமான விஷயம். பெட்டி தயார், கேட்க என்ன இருக்கு? பிபிசி தமிழோசை 1941-ல தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ல சிற்றலையை விட்டுப் போயிடுச்சு. ஆல் இந்தியா ரேடியோ பல ஊர்ல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டரை நிறுத்திட்டு எஃப்எம் பக்கம் நகர்ந்துகிட்டு இருக்கு. பழைய பெட்டியில எஃப்எம் கிடையாது. அதனால சரி பண்ண நினைக்கிறவங்க தள்ளிப்போட வேண்டாம்.

சரி பண்ணிட்டு வீட்டுக்குள்ள வெச்சுக் கேட்டு ஏமாறவும் வேண்டாம். எல்ஈடி பல்பு, போன் சார்ஜர் எல்லாம் மீடியம் வேவ்ல இரைச்சல் கொட்டும். பெட்டி கெட்டுப்போச்சுன்னு நினைச்சுடுவீங்க. சாயங்காலம் நாலு கட்டை போட்டுக் களத்துமேட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. முள்ளை 936 பக்கம் கொண்டுவாங்க, அதுதான் திருச்சியோட இடம். உள்ளே இருக்கிற ஃபெரைட் கம்பிக்குத் திசை உண்டு. பெட்டியை மெதுவா சுத்துங்க. ஒரு கோணத்துல இரைச்சல் அடங்கிக் குரல் மேல வரும். அந்தக் கோணத்துல அப்படியே கீழ வைங்க.