புயற் கூண்டும் புகலிடமும்



பேளுக்குறிச்சியிலிருந்து கடல் வெகு தொலைவு. கொல்லிமலையில் இறங்கும் மேகம் மிளகுக் கொடிக்கு நல்லதா, கெட்டதா என்பதோடு நம் வானிலைக் கவலை முடிந்துவிடும். எனினும் வேளாங்கண்ணிக்குச் சென்று வரும் நாம், அக்கரையோர மக்கள் பட்ட பாட்டை அறியாதிருப்பது முறையன்று. ஆதலின் இவ்விழா மலரில் அதனைச் சிறிது எழுத விழைகிறோம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பயணிகளோடு வந்த இரயிலும் அலையில் மூழ்கிற்று. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. புயலில் பெரும்பாலும் உயிர்களைக் கொள்ளைகொள்வது காற்றன்று. அது தள்ளிவரும் கடல்நீரே. ஆழங்குறைந்த கடலில் அந்நீர் இன்னும் உயர்ந்தெழும்.

எச்சரிக்கை புதிதன்று. கல்கத்தா துறைமுகத்திற்கு 1865இலேயே அந்த ஏற்பாடு வந்துவிட்டது. நம் துறைமுகங்களில் ஏற்றும் புயற் கூண்டுகள் பதினொன்று. பதினோராம் கூண்டுக்கு, வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். நமக்கு அதுவே மிகவும் அச்சந்தருகிறது. ஆனால் கூண்டைக் காண்பவர் துறைமுகத்தில் இருப்பவர். குப்பத்தில் உறங்குபவரை எழுப்புவது யார்? எழுந்தவர் எங்கே ஓடுவது?

1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒரு வாரங்கழித்து ஆந்திரத்தின் திவிசீமையில் பத்தாயிரம் பேருக்கு மேல் மடிந்தனர். அதன் பின்னரே நம் கீழைக் கடற்கரையில் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் பரவலாக எழுந்தன. வங்காள தேசத்தாரோ இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 1970இல் மூன்று இலட்சம் பேரைப் பறிகொடுத்த அந்நாட்டில், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் ஒலிபெருக்கியுடன் வீடு வீடாகச் செல்லப் பழகினர். 2007இல் வந்த கடும் புயலில் இறந்தோர் நாலாயிரத்துக்கும் குறைவு என்பது அரசுக் கணக்கு.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறியபோது, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னதாகவே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். சாவு நூற்றைத் தொடவில்லை. பெரிய காரியந்தான். ஆனால் முகாமிலிருந்து திரும்பியவர்கள் கண்டது, வேரோடு சாய்ந்து கிடந்த இலட்சக்கணக்கான தென்னைகளை. பிழைப்பைக் காக்கும் வழி இன்னும் சரிவரக் கைகூடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. நெட்டைத் தென்னை நட்டுக் காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். மிளகு நட்டுக் காத்திருக்கும் நம் மலைக்காரருக்கு அந்தக் கணக்கு புரியும்.