ஆபீஸ் வேலைக்கு 'ஒர்க்ஃப்ளோ' டூல் வாங்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

தேனி மாவட்டம் தேவாரத்தில் ஆபீஸ், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் ஏலத்தோட்டம். இப்படி ஒரு குடும்பத் தொழிலை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்தில் பறித்த காயை உலர்த்தி, மூட்டை கட்டி, எடை போட்டு ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். ஸ்பைசஸ் போர்டு மேற்பார்வையில் போடிநாயக்கனூரிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஆனால் ஆபீஸ் கணக்கு இன்னும் நோட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும்தான் ஓடுகிறது.

"போன வாரம் அனுப்பின மூணாவது லாட்டுக்குப் பணம் வந்துருச்சா?" என்று கேட்டால், நாலு பேருக்கு போன் போட்ட பிறகுதான் பதில் கிடைக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஒர்க்ஃப்ளோ டூல்கள் வந்திருக்கின்றன. அதில் எதை எடுப்பது?

ஒர்க்ஃப்ளோ என்றால் என்ன?

ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யார் கைக்குப் போய், யார் ஓகே சொன்னால் முடிகிறது என்ற வரிசைதான் ஒர்க்ஃப்ளோ. அந்த வரிசையைப் படமாக வரைந்து கொடுத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் உரியவருக்குத் தகவல் அனுப்பி, நின்றுபோன வேலையைக் காட்டிக்கொடுப்பது டூலின் வேலை.

என்னென்ன வகை டூல்கள் இருக்கின்றன?

லோ-கோடு டூல்கள்: கோடிங் அதிகம் தெரியாதவரும் ஃபார்ம், அப்ரூவல் எல்லாம் அமைக்கலாம். இந்த வகையில் நம்ம ஊர் நிறுவனங்களும் உள்ளன. ஸோஹோவின் 'கிரியேட்டர்' 2006-ல் அறிமுகமானது. சென்னையைச் சேர்ந்த ஆரஞ்ச்ஸ்கேப் நிறுவனம் 2012-ல் 'கிஸ்ஃப்ளோ'வைக் கொண்டுவந்தது.

இணைப்பு டூல்கள்: ஸாப்பியர், என்8என் போன்றவை. ஓர் ஆப்பில் பதிவானதை இன்னொரு ஆப்புக்குக் கொண்டு சேர்க்கும். சின்ன வேலைகளுக்கு இதுவே போதும்.

பிராசஸ் இன்ஜின்கள்: கேமுண்டா, ஃப்ளோவபிள் போன்றவை. டெவலப்பர் டீம் கட்டாயம் தேவை. வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி பெரிய, சிக்கலான வேலைகளுக்குப் பொருத்தம்.

கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நாளைக்கு மாற்ற வேண்டி வந்தால் யார் மாற்றுவார்?
டூலை அமைத்துக் கொடுத்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டால், ஆபீஸில் இருப்பவரே ஒரு கட்டத்தைச் சேர்க்கவோ நீக்கவோ முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு நல்ல டூலும் சில மாதங்களில் மூலைக்குப் போய்விடும்.

2. வேலை நடுவில் திரும்பினால் என்ன ஆகும்?
டெமோவில் எல்லா லாட்டும் விற்றுவிடும். நிஜத்தில் சில லாட் விலை படியாமல் அடுத்த ஏலத்துக்குப் போகும். விற்ற லாட்டுக்கும் பணம் வர சில நாள் ஆகும். அதுவரை டூல் காத்திருக்க வேண்டும். தேதி தாண்டினால் நினைவூட்ட வேண்டும். 'விற்காத லாட்' ஒன்றை டெமோவிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

3. சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா?
மலைத் தோட்டத்தில் நெட் எப்போதும் கிடைக்காது. போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து ஓர் எடையைப் பதிவு செய்து பாருங்கள். நெட் வந்ததும் அந்தப் பதிவு ஆபீஸுக்கு வந்து சேர்கிறதா? ஃபார்மில் தமிழ் தெரிகிறதா? தோட்டத்தில் இருக்கும் சூப்பர்வைசர் கையிலேயே போனைக் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

4. கட்டணம் எதை வைத்துக் கணக்கிடப்படுகிறது?
லோ-கோடு டூல்களில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். இணைப்பு டூல்களில், எத்தனை முறை வேலை ஓடுகிறதோ அதற்கேற்ப. அறுவடை சீசனில் பதிவுகள் பல மடங்கு கூடும். எனவே சீசன் மாதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

5. வெளியே வர வேண்டும் என்றால் எதை எடுத்துக்கொண்டு வர முடியும்?
பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. லோ-கோடு டூலில் இருந்து டேட்டாவை எக்செல் ஃபைலாக எடுத்துவிடலாம். ஆனால் அமைத்து வைத்த வேலை வரிசை பெரும்பாலும் அந்த டூலுக்குள்ளேயே தங்கிவிடும். வேறு டூலில் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இதற்குத்தான் பி.பி.எம்.என் என்ற பொதுவான வரைபட முறை இருக்கிறது. இதன் 2.0 பதிப்பு 2011-ல் வெளியாகி, 2013-ல் ஐ.எஸ்.ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. இந்த முறையில் வரைந்த படத்தை, அதை ஏற்கும் வேறொரு டூலிலும் திறக்க முடியும்.

'இலவசம்' என்பதை நம்பி இறங்கலாமா?

கேமுண்டா இதற்கு நல்ல பாடம். ஜெர்மனியைச் சேர்ந்த இந்த நிறுவனத்தின் கேமுண்டா 7 இலவசப் பதிப்பை உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்தினர். 2025 அக்டோபரில் வந்ததே அதன் கடைசி வெளியீடு. அடுத்த தலைமுறையான கேமுண்டா 8-ஐ, 8.6 பதிப்பில் இருந்து சொந்த சர்வரில் நிஜ வேலைக்கு ஓட்ட கட்டண லைசென்ஸ் தேவை.

இதற்கு மாறுபவர்கள் வரைபடத்தைப் பெருமளவு கொண்டுபோகலாம். ஆனால் அதோடு பிணைந்த ஜாவா கோடைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். டூல் கைமாறலாம், விலை ஏறலாம், நின்றும் போகலாம். வேலை வரிசையின் வரைபடம் உங்கள் கையில் இருந்தால் பாதிப்பு குறையும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வெள்ளைத்தாளில் இருந்துதான். தோட்டத்தில் எடை போடுவது முதல் வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது வரை ஒவ்வொரு கட்டத்தையும், அதற்குப் பொறுப்பானவர் பெயரையும் எழுதுங்கள். எந்த இடத்தில் அடிக்கடி வேலை நிற்கிறது என்று வட்டம் போடுங்கள்.

வட்டம் ஒன்றிரண்டுதான் என்றால் ஒரு ஷீட்டும், இணைப்பு டூலும் போதும். நாலைந்து பேர் ஓகே சொல்ல வேண்டிய வேலை என்றால் லோ-கோடு டூல். சொந்த டெவலப்பர் டீம் இருந்தால் மட்டும் பிராசஸ் இன்ஜின்.

எதை எடுத்தாலும், முதலில் ஒரே ஒரு வேலையை மட்டும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அதுவரை நோட்டையும் கைவிட வேண்டாம். மாதக் கடைசியில் நோட்டுக் கணக்கும் டூல் கணக்கும் ஒத்துப்போனால், தைரியமாக அடுத்த வேலையையும் மாற்றலாம்.